தொழிலாளரின் தோலும் வினாப் படிவமும்

(தொழிலாளர் நலத்துறையிலும் புள்ளிவிவரத் துறையிலும் பயிற்சி பெறும் அலுவலர்களுக்கும் முதுநிலைப் பொருளாதார மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மருத்துவத்துக்கு உரியது. நானோ பொருளாதாரம் பயின்றவன். ஆயினும் இதைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு எனக் கருதுகிறேன். ஒரு தொழிலாளிக்குத் தோல் நோய் இருக்கிறதா, அது அவர் செய்யும் வேலையால் வந்ததா என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஆனால் எந்தத் தொழிலாளி அந்த மருத்துவர்முன் போய் நிற்கிறார் என்பதைப் பல வேளைகளில் ஒரு வினாப் படிவமே முடிவு செய்துவிடுகிறது. படிவங்களை வகுப்பதும், அவற்றை நிரப்புவதும், நிரப்பியவற்றைக் கூட்டிக் கணக்கிடுவதும் நம்மைப் போன்றவர்களின் வேலை. ஆகவே அதில் நேரும் பிழைக்கு நாமே பொறுப்பு.

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட, ஓர் ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. லாங் ஐலண்டை எடுத்துக்கொள்வோம். நடு அந்தமானுக்குக் கிழக்கே உள்ள சிறு தீவு அது. ரங்கத்தை அடுத்த யெரட்டா படகுத்துறையிலிருந்தோ, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்தோ படகில்தான் அங்குச் செல்ல இயலும். ஒரு காலத்தில் அங்கே பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை செய்யும் ஆலை ஒன்று இயங்கியது. தீவின் வாழ்க்கையே பெரிதும் அதைச் சுற்றி அமைந்திருந்தது எனலாம்.

ஒட்டுப்பலகை ஆலையில் தோலுக்கு என்ன நேர்கிறது? குர்ஜன் போன்ற மரங்களின் பெருந்துண்டுகளை வெந்நீரிலோ நீராவியிலோ பதப்படுத்தி, சுழலும் இயந்திரத்தில் ஏற்றி, காகிதச் சுருளைப் பிரிப்பதுபோல மெல்லிய தகடுகளாக உரித்தெடுப்பர். தகடுகளை உலர்த்தி, பசை உருளைகளுக்கிடையே செலுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான அழுத்துப்பொறியில் வைப்பர். பின்னர் ஓரங்களை அறுத்து, மேற்பரப்பைத் தேய்த்து மெருகேற்றுவர். பசையில் இருப்பது யூரியா-ஃபார்மால்டிஹைடு அல்லது பீனால்-ஃபார்மால்டிஹைடு பிசின். ஃபார்மால்டிஹைடு தோலை எரிக்கவும் செய்யும். சிலரது உடலில் நிலையான ஒவ்வாமையை உண்டாக்கவும் செய்யும். அறுக்கும் இடத்திலும் தேய்க்கும் இடத்திலும் பறக்கும் மரத்தூள் வியர்வையோடு சேர்ந்து கழுத்து, முழங்கை மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களில் படியும். ஆக, ஒரே கூரையின்கீழ் மூன்று வகைத் தொழிலாளர் இருந்தனர்: ஈரத்தில் கை வைத்தவர், பசையில் கை வைத்தவர், தூளில் நின்றவர். மூவருக்கும் வரக்கூடிய நோய் ஒன்றல்ல; நோய் வரும் இடமும் ஒன்றல்ல.

இந்த ஆலை இன்று இல்லை. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை, தீவுகளில் மரத் தொழிலின் போக்கையே மாற்றியது. காடுகளைக் காப்பதற்கு அது தேவையான ஆணை என்பதில் எனக்கு ஐயமில்லை. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. ஓர் ஆலை மூடப்படும்போது இயந்திரங்களுக்கு விலை மதிப்பிடுகிறோம். இருப்பிலுள்ள மரத்தை அளந்து எழுதுகிறோம். நிலுவைக் கூலியைக் கணக்கிடுகிறோம். பசை உருளையின் அருகே பத்தாண்டுகள் நின்றவரின் உள்ளங்கைக்கு மட்டும், வேலையில் இருந்தபோதே எழுதப்பட்ட பதிவு இல்லையென்றால், பின்னர் கணக்கே கிடையாது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின்படி உரிமைக் கோரிக்கையை எழுப்பப் பொதுவாக இரண்டு ஆண்டுகள்தாம் அவகாசம் இருந்தது. எழுதப்படாத நோய்க்கு இரண்டு ஆண்டுகள் போதுமா, இருபது ஆண்டுகள் போதுமா என்று வாதிடுவதில் பயனில்லை.

சட்டம் இந்த நோய்களை மறந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியல் இருந்தது. ரசாயனங்களும் வண்ணப்பூச்சுகளும் நேரடியாகப் படுவதால் வரும் தோலழற்சியும், குரோமியப் புண்ணும் அதில் இடம் பெற்றிருந்தன. இந்நோய்களைக் கண்டறியும் மருத்துவர் அதைத் தொழிற்சாலைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்திலும் அத்தகைய பட்டியல் உண்டு. குறிப்பிட்ட வகைத் தொழிலாளர்க்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை செய்விக்கும் கடமையும் வேலை தருபவர்க்கு உண்டு. ஆனால் "கண்டறியும் மருத்துவர்" என்ற சொல்லிலேயே முழுச் சுமையும் தங்கியிருக்கிறது. மருத்துவரிடம் செல்லாத நோயை எந்தச் சட்டமும் அறிவிக்கச் செய்ய முடியாது. தோல் நோய்க்காகத் தொழிலாளி எளிதில் மருத்துவரிடம் செல்வதும் இல்லை. கை வெடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். கடையில் ஒரு களிம்பு வாங்குகிறார். மறுநாள் வேலைக்குப் போகிறார்.

இந்த இடைவெளியை நிரப்பவே வினாப் படிவம் பிறந்தது. நோயாளியிடம் "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்று மருத்துவர் கேட்க வேண்டும் என 1700இல் வெளிவந்த தம் நூலில் வலியுறுத்தினார் இத்தாலிய மருத்துவர் ராமசீனி. தொழில்சார் மருத்துவத்தின் முதல் வினாப் படிவம் அந்த ஒற்றைக் கேள்விதான் என்று நான் சொல்வதுண்டு. இன்று உலகில் பெரிதும் பயன்படுவது வட ஐரோப்பிய நாடுகளின் அறிஞர்கள் கூடி வகுத்த 2002ஆம் ஆண்டு நார்டிக் தோல் வினாப் படிவம். அதில் இரண்டு வடிவங்கள் உள்ளன: விரைவாகச் சலித்தெடுக்க ஒரு குறும்படிவம், ஆய்வுக்கு ஒரு நெடும்படிவம். கைகளில் எப்போதாவது கரப்பான் வந்ததுண்டா, கடைசியாக எப்போது வந்தது, எந்தப் பொருள் பட்டால் கூடுகிறது, வேலையிலிருந்து விலகியிருக்கும் நாட்களில் குறைகிறதா என்ற போக்கில் அதன் கேள்விகள் அமைந்துள்ளன. நன்கு சிந்தித்துச் செய்த படிவம். ஆனால் அதை அப்படியே மொழிபெயர்த்து அந்தமானுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இரண்டு கேள்விகள், இரண்டு விடைகள்

1992இல் நெதர்லாந்தில் செவிலியரிடையே நடந்த ஒரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. அங்கே இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒன்று, அறிகுறிகளைப் பட்டியலிட்டுக் கேட்பது: கொப்புளம் வந்ததா, வெடிப்பு வந்ததா, அரிப்பு வந்ததா என்று. மற்றது, "உங்களுக்குக் கையில் தோலழற்சி இருக்கிறதா?" என்று நேராகக் கேட்பது. பின்னர் மருத்துவர் கைகளைப் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டனர். அறிகுறிப் பட்டியல் நோயுள்ளவர்களில் ஒருவரையும் தவறவிடவில்லை. ஆனால் நோயற்றவர்களில் 64 விழுக்காட்டினரை மட்டுமே சரியாக விலக்கியது. நேர்க் கேள்வி நோயற்றவர்களில் 93 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. ஆனால் நோயுள்ளவர்களில் 65 விழுக்காட்டினரையே பிடித்தது.

இதை நம் தீவுக்குக் கொண்டுவருவோம். 200 தொழிலாளர் இருப்பதாகவும், அவர்களில் 20 பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண். எந்தக் கணக்கெடுப்பின் முடிவும் அன்று. அறிகுறிப் பட்டியலைத் தந்தால் 20 நோயாளிகளும் அகப்படுவர். அவர்களோடு நோயற்ற 180 பேரில் ஏறத்தாழ 65 பேரும் சேர்ந்து அகப்படுவர். மொத்தம் 85. நேர்க் கேள்வியைக் கேட்டால் 13 நோயாளிகளும், நோயற்ற 13 பேருமாக 26 பேர் வருவர். 7 நோயாளிகள் "இல்லை" என்று எழுதிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவர்.

இதிலிருந்து இளம் அலுவலர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதல் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதுபவர், "லாங் ஐலண்ட் தொழிலாளரில் 42.5 விழுக்காட்டினருக்குத் தோல் நோய்" என்று எழுதுவார். உண்மை 10 விழுக்காடு. செய்தித்தாளில் அது தலைப்பாகும். நிர்வாகம் அதை எளிதில் மறுத்துவிடும். மறுக்கப்பட்ட பின் அந்த உண்மையான 20 பேரும் கவனிப்பாரற்றுப் போவர். மிகைப்படுத்திய எண் தொழிலாளிக்கு நன்மை செய்யும் என்று நம்புகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். படிவத்தின் தவறவிடும் அளவும், தவறாகச் சேர்க்கும் அளவும் தெரிந்திருந்தால், படிவம் காட்டும் எண்ணிலிருந்து உண்மை எண்ணை மீட்டெடுக்க எளிய சூத்திரம் இருக்கிறது. ஆனால் அந்த அளவுகள் நெதர்லாந்துச் செவிலியருடையவை. நம் தொழிலாளரின் அளவுகளை நாமே கண்டாக வேண்டும். படிவம் நிரப்பியவர்களில் ஒரு சிறு பகுதியினரை, "ஆம்" என்றவர்களையும் "இல்லை" என்றவர்களையும் சேர்த்து, மருத்துவர் ஒருவர் நேரில் பார்த்தால் போதும். "ஆம்" என்றவர்களை மட்டும் பார்ப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தால் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது எக்காலத்திலும் தெரியாமலே போகிறது.

இரண்டாவது செய்தி செலவைப் பற்றியது. சென்னை நகரத்துத் தொழிற்சாலையில் 65 பேரை வீணாகத் தோல் மருத்துவரிடம் அனுப்பினால் அரை நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் நட்டம். லாங் ஐலண்டிலிருந்து அனுப்பினால் படகு, தங்கல், கடல் கொந்தளித்தால் திரும்ப முடியாமல் நிற்கும் நாட்கள் என்று கணக்கு நீளும். ஒவ்வாமையை உறுதி செய்யும் ஒட்டுச் சோதனைக்கோ, முதுகில் ஒட்டிய மருந்துப் பட்டைகளை 48 மணி நேரம் வைத்திருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பின்னும் இரண்டொரு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நாட்கூலித் தொழிலாளி ஒருவருக்கு அது ஏறத்தாழ ஒரு வார வருமானம். ஆகவே செலவைக் குறைக்க நேர்க் கேள்வியைத் தேர்ந்துகொள்ளலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் அந்த 7 பேரின் இழப்பு எவர் கணக்கிலும் வராது என்பதே அதன் கவர்ச்சி. அரசின் செலவு ஏட்டில் தெரியும். தொழிலாளியின் செலவு ஏட்டில் தெரியாது.

சொல்லும் நிறமும்

இனி மொழிக்கு வருவோம். கணக்கைவிடக் கடினமான பகுதி இது என்பது என் கருத்து.

"கடந்த 12 மாதங்களில் உங்கள் கைகளில் எக்சிமா இருந்ததா?" என்பதைத் தமிழில் எப்படிக் கேட்பது? தோலழற்சி என்பது பாடநூற் சொல். எந்தத் தொழிலாளியும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. கரப்பான் என்றால் குழந்தைகளுக்கு வருவது என்பார் சிலர். படை என்றால் வட்டமாகப் படர்வதை நினைப்பார். சொறி, சிரங்கு என்றால் அழுக்கோடு தொடர்புபடுத்தி, தமக்கு இல்லை என்று உடனே மறுப்பார். சேற்றுப்புண் என்றால் உண்டு என்பார். அது கால்விரல் இடுக்கில் வருவது. அரிப்பும் நமைச்சலும் எரிச்சலும் ஒன்றல்ல. இம்மூன்றையும் பிரித்துச் சொல்லத் தொழிலாளிக்குத் தெரியும், அவரைக் கேட்பவர்க்குத்தான் தெரிவதில்லை. ஒரு முறை, கேள்விகளை நான் அச்சிட்டபடியே படிக்க, ஒரு பெரியவர் எல்லாவற்றுக்கும் "இல்லைங்க" என்று சொல்லி முடித்தார். பிறகு பேச்சுவாக்கில், "சோறு பிசைய முடியலைங்க, கரண்டியாலதான் சாப்பிடுறேன்" என்றார். அந்த வாக்கியம் எந்தப் படிவத்திலும் இல்லாத மிகச் சிறந்த கேள்வியை எனக்குத் தந்தது: சோறு பிசையும்போது, புளியோ உப்போ மிளகாயோ படும்போது, கை எரிகிறதா?

அந்தமானில் இந்தச் சிக்கல் பல மடங்காகிறது. வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்டு "ராஞ்சி" மக்கள் எனப்படுவோர் எனப் பல மொழியினர் வாழும் தீவுகள் அவை. பொது மொழியாக இந்தி வழங்குகிறது. ஆனால் கடைத்தெருவில் பேச உதவும் மொழி, உடம்பின் உபாதையைச் சொல்ல உதவும் என்று கொள்ள முடியாது.

நிறத்தையும் பாருங்கள். ஐரோப்பியப் படிவங்கள் தோல் "சிவந்ததா" என்று கேட்கின்றன. வெண்ணிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியும். நம்மவர் தோலில் அது பெரும்பாலும் கருத்தும் தடித்தும் சொரசொரத்தும் தோன்றும். சிவப்பைக் கேட்டால் "இல்லை" என்ற உண்மையான விடைதான் கிடைக்கும். படத்தைக் காட்டிக் கேட்கும் முறையும் உண்டு. எழுத்தறியாதார்க்கு அது நன்று. ஆனால் அந்தப் படம் நம் தொழிலாளரின் கையைப் போன்ற கையாக இருக்க வேண்டும்.

காலத்தைக் கேட்பதிலும் இதே தொல்லைதான். "வார விடுமுறையில் குறைகிறதா?" என்பது வேலையால் வந்த நோயைப் பிரித்தறிய உதவும் மிக முக்கியமான கேள்வி. வார விடுமுறையே இல்லாத நாட்கூலிக்காரரிடம் அதைக் கேட்டு என்ன பயன்? "கடல் கொந்தளித்து வேலை நின்ற நாட்களில் குறைந்ததா?", "ஊருக்குப் போயிருந்த மாதத்தில் கை ஆறியதா?" என்று கேட்க வேண்டும். வினாவின் நோக்கம் மாறவில்லை. அது தொழிலாளியின் நாட்காட்டிக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

இவ்வளவும் செய்த பிறகும் அச்சம் என்ற ஒன்று எஞ்சி நிற்கும். தோலில் மாற்றம் என்றதும் தொழுநோய் என்று பிறர் நினைப்பார்களோ என்னும் அச்சம் நம் நாட்டில் இன்னும் முற்றாக நீங்கவில்லை. வேலை போய்விடும் என்ற அச்சமோ எல்லா நாட்டிலும் உண்டு. மேற்பார்வையாளர் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கும் படிவத்தில் உண்மை எழுதப்படும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்குப் படிவம் தரப்படுவதே அரிது. தவிரவும், நோய் முற்றியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். மீதமிருப்பவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு, இவ்வேலையில் தீங்கு குறைவு என்ற முடிவுக்கு வருகிறோம். சென்ற ஆண்டு வேலையை விட்டவர்களின் பட்டியலை வாங்கி அவர்களையும் தேடிச் சென்று கேட்பது செலவுமிக்க வேலைதான். ஆயினும் நூறு புதிய படிவங்களைவிட அப்படிப்பட்ட பத்துப் படிவங்கள் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன.

இனிச் செய்யக்கூடியது

ஆலை போன பிறகு லாங் ஐலண்டில் இந்தப் பேச்சுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 2017இல் தீவுகளின் முழுமையான வளர்ச்சிக்கென நிதி ஆயோக் முதலில் எடுத்துக்கொண்ட தீவுகளில் லாங் ஐலண்டும் ஒன்று. சுற்றுலா விடுதி என்பது புகை கக்காத தொழில். ஆகவே தீங்கற்றது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தோலைப் பொறுத்தவரை அது சரியன்று. விடுதியைக் கட்டுபவர் கையில் சிமெண்ட் படுகிறது. சிமெண்டில் உள்ள குரோமியம் கொத்தனார்களுக்கு ஒவ்வாமை தருவது. அதில் இரும்பு சல்பேட்டைச் சேர்த்து இத்தீங்கைக் குறைக்க டென்மார்க் 1983இலேயே சட்டம் செய்தது. விடுதி திறந்த பின் துணி துவைப்பவர், பாத்திரம் கழுவுபவர், அறை துடைப்பவர் ஆகியோர் நாள் முழுதும் ஈரத்திலும் சோப்பிலும் கை வைத்திருக்கின்றனர். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அதைத் தனி அபாயமாகக் கருதும் விதி ஜெர்மனியில் உண்டு. இவ்வேலைகளில் பெண்கள் மிகுதி. வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கை ஈரத்திலேதான் இருக்கும். அதனால் "இது வீட்டு வேலையால் வந்தது" என்று சொல்லி விலக்கிவிடுவதும் எளிது.

தீவுக்கு இன்று ஒரு வசதி வாய்த்திருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் இடப்பட்ட கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இணைப்பு சென்றடையும் தீவுகளுள் லாங் ஐலண்டும் ஒன்று. இதை வைத்துக்கொண்டு நான் மேலே சொன்ன 85, 26 என்ற இரண்டு எண்களுக்கிடையே நல்லதொரு வழி காணலாம். முதற்படியில் எவரையும் தவறவிடாத அறிகுறிப் பட்டியலையே தருவது. 85 பேர் வரட்டும். அவர்களை எங்கும் அனுப்பாமல், தீவிலேயே பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் கைகளைப் பார்த்து, பகல் வெளிச்சத்தில் உள்ளங்கையையும் புறங்கையையும் விரலிடுக்கையும் படம் எடுத்து, ஸ்ரீ விஜயபுரத்திலோ சென்னையிலோ உள்ள தோல் மருத்துவருக்கு அனுப்புவது. அந்த மருத்துவர் தேர்ந்தெடுக்கும் சிலர் மட்டும் படகேறுவர். அவர்களுடைய பயணச் செலவையும் இழந்த கூலியையும் வேலை தருபவர் ஏற்க வேண்டும். அதைப் பரிசோதனைச் செலவின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும்.

படிவத்தில் "இல்லை" என்று எழுதியவர்களிலும் இருபது பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து அவர்கள் கைகளையும் படம் பிடிக்க வேண்டும். இதைத் தேவையற்ற செலவு எனத் தணிக்கையில் கேட்பார்கள். அதற்கான விடையைத் திட்ட வரைவிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

நிரப்பிய படிவத்தின் ஒரு படியைத் தொழிலாளியிடமே கொடுக்க வேண்டும். அதில் தேதியும், அன்று அவர் செய்துகொண்டிருந்த வேலையும், அவர் கையாண்ட பொருளின் பெயரும் இருக்க வேண்டும். பெயரைப் "பசை", "மருந்து", "பவுடர்" என்று எழுதாமல், பீப்பாயின்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். விடுதியோ ஆலையோ பின்னாளில் கைமாறலாம், மூடப்படலாம்; அப்போது அந்தத் தாள் அவர் வீட்டுப் பெட்டியில், குடும்ப அட்டையோடு இருக்கும்.